ஆபத்துக் காலத்தில் நம் நாட்டு ஊர் வைத்தியசாலைகள்

கொங்குநாட்டார்க்கு ஒரு நிம்மதியுண்டு. கடல் நமக்கு வெகுதொலைவிலுள்ளது; ஆதலின் புயலும் பேரலையும் நம் வாசற்படி மிதியா. மேற்கே மலைத்தொடர் மதில்போல் நிற்கின்றது; பாலக்காட்டுக் கணவாய் வழியே வருவதெல்லாம் குளிர்ந்த காற்றேயன்றி வேறில்லை. சென்னையிலும் நாகையிலும் தூத்துக்குடியிலும் வெள்ளம் புகுந்த செய்தியைக் காலைப் பத்திரிகையிற் படித்து, இரங்கி, இயன்ற பொருளும் அனுப்பிவிட்டு, 'நம்மூருக்கு என்ன வந்துவிடப் போகிறது' என்று நம் வேலையைப் பார்க்கச் செல்லுகின்றோம். இந்நிம்மதி பழமையானதன்று. கோயமுத்தூரிற் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரால் இன்றும் கோயில்கள் உள. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் மீண்டும் வந்த அக்கொள்ளை நோய்க்கு அஞ்சி, நகரத்தார் வீடுகளைப் பூட்டிவிட்டுத் தோட்டங்களிலும் வெளிகளிலும் குடிசையிட்டுக் கிடந்தனர். கோயிலின் பெயர் நிலைத்தது; அதைச் சூட்டுவித்த அச்சம் மட்டும் நம்மை விட்டு அகன்றுவிட்டது.

பிளேக்கை நினைப்பூட்டக் கோயிலேனும் உண்டு. நிலநடுக்கத்தை நினைப்பூட்ட யாதுமில்லை. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள், பொழுது விடியுமுன், கோயமுத்தூர்ச் சீமை முழுதும் நடுங்கிற்று. அதன் அளவு ஏறக்குறைய ஆறு எனப் பிற்காலத்து அறிஞர் கணித்துள்ளனர். தென்னாட்டிற் பதிவான பெரிய நிலநடுக்கங்களுள் அஃது ஒன்று. அக்காலத்து நம் ஊர்களில் ஓட்டு வீடும் கூரை வீடுமே மிகுதி. மாடிக் கட்டடங்கள் அரியன. இன்றோ அதே நிலத்தின்மேல் ஐந்தடுக்கும் பத்தடுக்குமாக நெருங்கி வாழ்கின்றோம். 2002-ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணய வரைபடம் கோயமுத்தூரை மூன்றாம் மண்டலத்தில், அதாவது நடுத்தரமான அபாயமுள்ள இடங்களுள் வைத்தது. இச்செய்தியை நம் கலாசாலை மாணவர் ஒருவரையாவது கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் வியப்படைவர்.

அண்மைக் காலத்துச் செய்திகளை எண்ணிப் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டு நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், மழை கொட்டிய அதிகாலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில் ஒரு மதில் சரிந்து, உறங்கிக்கொண்டிருந்த ஏழை மக்கள் வீடுகளின்மேல் விழுந்தது. பதினேழு பேர் மடிந்தனர். அதற்கு மூன்று மாதம் கழியுமுன், 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் நாள், அவிநாசிக்கருகே, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்ற கேரள அரசுப் பேருந்தின்மேல், எதிர்ப்பக்கத்துச் சாலையிற் சென்ற சரக்கு லாரி ஒன்று நடுத்தடுப்பைக் கடந்து வந்து மோதிற்று. பேருந்திலிருந்தோர் நாற்பத்தெண்மர், அவருட் பத்தொன்பதின்மர் மாண்டனர். காயமுற்றோர் அவிநாசி, திருப்பூர், கோயமுத்தூர் ஆகிய மூன்றூர் வைத்தியசாலைகளுக்கும் பகிர்ந்து கொண்டு செல்லப்பட்டனர். 2025-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் கோயமுத்தூர் அவிநாசி சாலை மேம்பாலத்தில் பதினெட்டு டன் சமையல் வாயு ஏற்றிய லாரியின் உருளை கவிழ்ந்து வாயு கசிந்தது; அருகிலிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டனர்; உயிர்ச் சேதமின்றித் தப்பினோம். தப்பியதனாலேயே அதனையும் மறந்துவிட்டோம்.

இவற்றை அடுக்கிப் பார்த்தபோது என் மனத்தில் தைத்தது ஒன்றுண்டு. அவிநாசி விபத்து நிகழ்ந்தது இரவு மூன்று மணிக்குமேல். நடூர் மதில் விழுந்தது விடியுமுன். வாயு லாரி கவிழ்ந்தது அதிகாலையில். நூற்றிருபத்தைந்து ஆண்டுக்கு முற்பட்ட நிலநடுக்கமும் அவ்வேளையிலேயே வந்தது. ஆபத்துக்கு நாழிகை பார்க்கும் வழக்கம் உண்டென்று நான் சொல்லவில்லை. ஆனால் உறங்காத ஓட்டுநரும், ஊறிய மண்ணும், இருட்டும் கூடும் வேளை அதுவே. அவ்வேளையில் நம் தாலுகா வைத்தியசாலையில் விழித்திருப்போர் யாவர்? பணிமுறை வைத்தியர் ஒருவர். தாதியர் இருவர் அல்லது மூவர். மருத்துவமனைப் பணியாளர் ஒருவர். வாயிற் காவலர் ஒருவர். கண்காணிப்பாளரும், ரணசிகிச்சை நிபுணரும், மயக்க மருந்து வைத்தியரும் தத்தம் வீட்டில் உறங்குவர். அவ்வீடும் பலர்க்குக் கோயமுத்தூரிலோ ஈரோட்டிலோ உள்ளது. ஆகவே ஒரு கிராம வைத்தியசாலையின் ஆபத்துக்காலத் திட்டம் எனப்படுவது, பகல் பதினொரு மணிக்கு அங்கே இருக்கும் நாற்பது பேருக்காக எழுதப்பட்டதாயின் அது திட்டமே யன்று. இரவு மூன்று மணிக்கு அங்கே இருக்கும் ஐவருக்காக எழுதப்பட்டதே திட்டம். இவ்வொரு கருத்தைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

என் துணிவுக்குக் காரணம் ஒரு பழைய இரவு. ஊர்ப்பெயர் வேண்டா. மஞ்சள் அறுவடைக் காலம். மூச்சிரைப்பால் துன்புற்ற என் அத்தையை ஒரு சிற்றூர் வைத்தியசாலையிற் சேர்த்துவிட்டு, நான் வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் வெட்டிவிட்டுத் திரும்பிய கூலியாட்களின் வேன் ஒன்று வாய்க்காலிற் கவிழ்ந்து, பதினாறு பேரை ஊரார் கைக்குக் கிடைத்த வண்டிகளில் அள்ளிக்கொண்டு வந்து இறக்கினர். வைத்தியர் ஓர் இளைஞர், தாதி ஒருத்தி. கை முறிந்த வாலிபன் ஒருவன் ஊரே எழும்படி அலறினான், அவனிடம் ஓடினர். நெற்றி பிளந்து முகமெல்லாம் இரத்தமாய் நின்றவனைக் கண்டு எல்லோரும் பதறினர், அவனிடம் ஓடினர். சுவரோரத்து பெஞ்சியில் ஒரு மூதாட்டி சாய்ந்திருந்தாள். சேலையில் ஒரு துளி இரத்தமுமில்லை. அழவுமில்லை. என்னைப் பார்த்து, "சாமி, கொஞ்சம் தண்ணி குடு சாமி" என்றாள். நான் ஓடிச் சென்று சொம்பு நிறையக் கொணர்ந்து குடிப்பித்தேன். அவள் கை பனிக்கட்டிபோற் குளிர்ந்திருந்தது, வியர்த்திருந்தது. இரவுக் குளிரென்று எண்ணினேன். முக்கால் மணி நேரங் கழித்துத் தாதி அவளருகே வந்து கையைப் பிடித்துப் பார்த்தபோது நாடியில்லை. வயிற்றினுள்ளே இரத்தம் பெருகியிருந்ததாம். அலறியவன் மறுவாரம் கட்டுடன் வீடு சென்றான். நெற்றி பிளந்தவனுக்கு ஏழு தையல்.

அவ்வைத்தியரையோ தாதியையோ நான் குறைகூறேன். இருவரும் அன்றிரவு ஒரு கணமும் நிற்கவில்லை. அவர்கள் செய்யாதது ஒன்றே: ஓடுவதற்குமுன் எல்லோரையும் ஒருமுறை பார்த்து வரவில்லை. அது சோம்பலன்று, யாரும் பழக்குவிக்கவில்லை. நான் கொடுத்த தண்ணீரும் கொடுக்கத் தகாதது என்பதைப் பின்னரே அறிந்தேன்.

காயமுற்றோரைத் தரம்பிரிக்கும் இம்முறை புதியதன்று. நெப்போலியனுடைய சேனையில் தலைமை ரணவைத்தியராயிருந்த லாரே என்பவர், தளபதி என்றும் சிப்பாய் என்றும் பாராது, காயத்தின் கொடுமை ஒன்றையே கருதி முதலில் எவர்க்குச் சிகிச்சை என முடிவு செய்தார். பின்னர் 1983-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், நியூபோர்ட் பீச் என்னும் ஊரின் தீயணைப்பு நிலையத்தாரும் அங்குள்ள ஒரு வைத்தியசாலையாருஞ் சேர்ந்து, வைத்தியர் அல்லாதாரும் அரை நிமிஷத்திற் செய்யத்தக்க எளிய முறையொன்றை வகுத்தனர். 'நடக்கக் கூடியவர்கள் எழுந்து அந்த மரத்தடிக்கு வாருங்கள்' என முதலில் உரக்கக் கூவ வேண்டும். எழுந்து வந்தோர் பச்சை. எஞ்சியோரிடம் ஒவ்வொருவராகச் செல்லவேண்டும். மூச்சு இல்லையா? தலையைச் சற்று நிமிர்த்தி மூச்சுவழியைத் திறந்து பார், அப்போதும் மூச்சு வராவிடிற் கறுப்பு, வந்தாற் சிவப்பு. மூச்சு நிமிஷத்துக்கு முப்பதுக்கு மேலோடுகின்றதா? சிவப்பு. மணிக்கட்டில் நாடி அகப்படவில்லையா? சிவப்பு. 'கையை இறுக்கிப் பிடி' என்றால் சொன்னபடி செய்யக்கூடவில்லையா? சிவப்பு. மற்றவரெல்லாம் மஞ்சள். அவ்வளவே. அந்த மூதாட்டி இச்சோதனையின் மூன்றாவது படியில், நாடியைப் பார்த்த அக்கணத்தே, சிவப்பில் அகப்பட்டிருப்பாள். அதற்கு வைத்தியர் வேண்டா. பழகிய காவலாளி ஒருவன் போதும்.

நம் அரசாங்கத்தார் இத்துறையிற் செய்துள்ளன சிறியன அல்ல. 2008-ஆம் ஆண்டு முதல் 108 ஊர்தி ஓடுகின்றது. பெரிய வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பகுதியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என வகுத்து வண்ணமுந் தீட்டியுள்ளனர். 2021-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் 'இன்னுயிர் காப்போம்' என்னும் திட்டத்தால், சாலை விபத்திற் காயமுற்றோர்க்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேரச் சிகிச்சை இலவசமாகின்றது. தனியார் வைத்தியசாலைகளும் இதிற் சேர்ந்துள்ளன. இவையெல்லாம் ஒருவர் இருவராய் வரும் துன்பத்தை நன்கு தாங்குகின்றன. நாற்பது பேர் ஒருங்கே வரும்போது நிகழ்வது வேறு. அப்போது வருகின்ற வரிசையே தலைகீழாகின்றது. கால் நடக்கும், சிறு காயமுடைய மக்கள் ஆட்டோவிலும் இருசக்கர வண்டியிலும் முதலில் வந்து சேருவர். இடிபாட்டில் நசுங்கியோர் எடுக்கப்பட்டு, ஊர்தியில் ஏற்றப்பட்டு, கடைசியாகவே வருவர். முதலில் வந்தோர்க்கெல்லாம் படுக்கை கொடுத்துவிட்ட வைத்தியசாலையில், உயிருக்குப் போராடுபவன் வருங்கால் தரையே கிடைக்கும். உலகெங்கும் பெருவிபத்துக்களை ஆராய்ந்தோர் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை இது. படுக்கைகளைக் காலியாக வைத்து, சிறு காயத்தாரைப் பள்ளிக்கூட மண்டபத்திலோ கல்யாண மண்டபத்திலோ அமர்த்தும் துணிவு அவ்வேளையிற் பிறவாது. முன்னரே முடிவுசெய்து, மண்டபத்தின் சாவி எவரிடம் என்பதையும் எழுதி வைத்திருக்கவேண்டும்.

கரூரை நாம் மறத்தலாகாது. பழங்கொங்கின் தலைநகரமாகிய அவ்வூரில், 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் சனிக்கிழமை மாலை, ஓர் அரசியற் பிரசாரக் கூட்ட நெரிசலில் நாற்பத்தொருவர் மாண்டனர். சிறுவரும் அவருள் உளர். பொழுது போனபின், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரே சமயத்தில் வந்து குவிந்தோருக்காக, அண்டை மாவட்டங்களிலிருந்து வைத்தியர்களை வரவழைத்தனர். மருத்துவக் கல்லூரி இருந்த ஊரிலேயே அவ்வாறாயின், அஃதில்லாத தாராபுரத்திலும், வால்பாறையிலும், தாளவாடியிலும் எவ்வாறாகும் என்று அன்றிரவு பலரும் எண்ணியிருப்பர்.

'சிறிய வைத்தியசாலையில் எதற்கு இத்தனை ஏற்பாடு? எல்லோரையும் நேரே கோயமுத்தூருக்கு அனுப்பிவிட்டாற் போகிறது' என்று சொல்வாரும் உளர். நாற்கரச் சாலை அருகே நிற்பவர்க்கு இது பொருந்தலாம். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல். நாற்பது கொண்டையூசி வளைவுகள். தாளவாடியிலிருந்து சத்தியமங்கலத்துக்கு வரத் திம்பத்தின் இருபத்தேழு வளைவுகளை இறங்கவேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து, மரம் விழுந்து, சாலையே இல்லையாகும். தொடையில் நரம்பறுந்து பீறிடும் இரத்தம் இவ்வளைவுகளையெல்லாம் எண்ணிக்கொண்டிராது. சில நிமிஷங்களில் ஆளைக் கொன்றுவிடும். அதனைக் கட்டி நிறுத்த ஒரு பட்டையும், பழகிய ஒரு கையும் போதும். நுரையீரலைச் சுற்றிக் காற்றடைத்தவனுக்கு ஓர் ஊசி. மூச்சுவழி அடைத்தவனுக்கு ஒரு நிமிர்த்தல். குழந்தைக்கு ஒரு கம்பளி. ஊர் வைத்தியசாலையின் கடமை பெரிய சத்திரசிகிச்சை அன்று. கோயமுத்தூரை உயிருடன் சென்றடையும்படி செய்து அனுப்புதலே அதன் கடமை. எவரை எந்த ஊருக்கு அனுப்புவது என்பதும் அறிவேயாகும். எல்லோரையும் ஒரே பெரிய வைத்தியசாலைக்கு ஓட்டிச் சென்றாற் கூட்டம் இடம் மாறுமேயன்றிக் குறையாது.

இனி, காக்க வேண்டிய வைத்தியசாலையே காக்கப்பட வேண்டியதாய் விடுவதும் உண்டு. 1998-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் கோயமுத்தூரிற் குண்டுகள் வெடித்து ஐம்பத்தெண்மர் மாண்டு, இருநூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்ற கொடிய மாலையில், குண்டு வெடித்த இடங்களுள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வளாகமும் ஒன்று. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் குஜராத்தில் நிலம் நடுங்கியபோது, பூஜ் நகரத்து மாவட்ட வைத்தியசாலை, உள்ளிருந்த நோயாளருடனும் ஊழியருடனும் இடிந்து விழுந்தது. காயமுற்றோர் ஆயிரக்கணக்கில் வந்த அந்நாளிலே, போவதற்கு இடமில்லை. திறந்த வெளியிற் சிகிச்சை செய்தனர். பின்பு அவ்வூரில் எழுப்பிய புதிய வைத்தியசாலையை, நிலத்தின் அசைவைத் தாமேற்கும் ரப்பர்த் தாங்கிகளின்மேல் நிறுத்தினர். நம் ஊர்களுக்கு அத்துணைச் செலவு கைகூடாதெனினும், செலவே யில்லாதன பல உள்ளன. சுவரோரம் தனித்து நிற்கும் மருந்தலமாரியை இரண்டு இரும்புப் பட்டையால் சுவருடன் பிணித்தல். ஆக்ஸிஜன் உருளைகளைச் சங்கிலியிடுதல். நோயாளியின் தலைக்குமேல் உள்ள பரணிலிருந்து கனத்த பொருளை இறக்குதல். ஒரு கொல்லரும் ஒரு பகற்பொழுதும் போதும்.

தீயைப் பற்றி இரண்டு சொல். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் வைத்தியசாலையிற் பற்றிய தீயில் ஆறு பேர் இறந்தனர். அவர்கள் மின்தூக்கியுள் நினைவிழந்து கிடந்தார்கள். தீயின்போது மின்தூக்கியிற் புகலாகாது என்பது நாமறிந்ததே. புகைசூழ்ந்த வேளையில் அவ்வறிவு கைகொடுக்காமற் போய்விட்டது. மாடிப்படியின்கீழ் உடைந்த கட்டிலும் பழைய மெத்தையும் அடுக்கி வைக்காத வைத்தியசாலை நம் பக்கத்தில் எத்தனை? நேயர்கள் தத்தம் ஊரில் ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம்.

ஆக்ஸிஜனுக்கு வருவோம். இது பள்ளிப்பிள்ளை போடும் கணக்கு. பெரிய உருளை ஒன்றில் ஏறக்குறைய 7,000 லிட்டர் அடங்கும். நிமிஷத்துக்கு 10 லிட்டர் வீதம் ஒரு நோயாளிக்குக் கொடுத்தால் பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல் வரும். ஆகவே பத்து உருளை வைத்திருக்கும் ஊர் வைத்தியசாலை தன்னைச் செல்வமுடையதாகவே எண்ணிக்கொள்ளும். அதே உருளை பத்துப் பேருக்கு எழுபது நிமிஷமே வரும். சாலை அடைபட்ட இரவில் எழுபது நிமிஷம் எவ்வளவு என்பதை 2021-ஆம் ஆண்டின் கோடையில், கொரோனாவின் இரண்டாம் அலையிலே, உருளைக்காக அலைந்தவர்கள் சொல்லுவார்கள். மின்னாக்கியின் கதையும் இத்தகையதே. வாரந்தோறும் ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, ஓடுகின்றது என்று பதிவேட்டில் எழுதுகின்றோம். விளக்கும் குளிர்பெட்டியும் உறிஞ்சு கருவியும் சேர்ந்து இழுக்கும்போது ஓடுமா, டீசல் எத்தனை மணி நேரத்துக்கு, விடுமுறை நாளில் அவ்வறையின் சாவி யாரிடம் என்பன அப்பதிவேட்டில் இல்லை.

எவரும் பேச விரும்பாத பொருளொன்றையும் இங்கே சொல்லவேண்டும். 2024-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், இதுவும் விடியுமுன்னரே, நீலகிரிக்கு அப்பாலுள்ள வயநாட்டில், முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணிற் புதைந்தன; இருநூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். தேயிலைத் தோட்டத்திற் பாடுபட்ட தமிழரும் அவருள் இருந்தனர். அருகிலிருந்தது மேப்பாடிச் சமுதாய நல நிலையம். நம் பக்கத்துத் தாலுகா வைத்தியசாலையை ஒத்தது அது. காயமுற்றோருடன் இறந்தோரும் அங்கே வந்து சேர்ந்தனர். உற்றாரைத் தேடி நூற்றுக்கணக்கானோர் அதன் கூடங்களில் நின்றனர். சாலியாறு வேறு சிலரை அடித்துச் சென்று, மலைக்குக் கீழே மலப்புரம் மாவட்டத்தில் ஒதுக்கிற்று. இடமே தொடர்பில்லாத நிலம்பூர் வைத்தியசாலை, எதிர்பாராது உடல்களையும் உடற்கூறுகளையும் ஏற்றுக்கொள்ளவேண்டியதாயிற்று. அடையாளம் அறியப்படாதோரைப் புத்துமலையில் எண்ணிட்டு அடக்கஞ் செய்தனர். மரபணுச் சோதனையால் பெயர் பின்னர் அறியப்படுவதற்காக. பிணவறையில் நான்கு உடலுக்கே இடமுள்ள ஊரில், நாற்பது உடல் வந்தால் எங்கே கிடத்துவது, யார் எண்ணிடுவது, தேடி வருவோரிடம் யார் பேசுவது என்பதைச் சிந்தித்து வைத்தல் அபசகுனமன்று. அழுதுகொண்டு வருபவரை நான்கு வாயிலுக்கு அலைய வைப்பதே கொடுமை. நல்ல கையெழுத்துடைய இருவர், ஒரு கரும்பலகை, ஒரு மேசை. பெயர் தெரிந்தோர் பெயரும், தெரியாதோர் சேலை நிறமும், எந்த ஊருக்கு அனுப்பப்பட்டார் என்பதும் அதில் எழுதப்படவேண்டும். வைத்தியர் தொழிலறியாத எம்போன்றோர் செய்யத்தக்க பணி இது.

ஏட்டில் இவையெல்லாம் இல்லாமலில்லை. 2005-இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. 2016-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மருத்துவமனைப் பாதுகாப்பைக் குறித்து ஒரு வழிகாட்டு நூலே வெளியிட்டுள்ளது. ஒவ்வொரு வைத்தியசாலையும் திட்டம் வகுக்க வேண்டும், ஒத்திகை நடத்த வேண்டும் என அதிற் கூறப்பட்டுள்ளது. யாம் கண்ட சில திட்டங்கள் அழகிய அட்டையிட்டு, கண்காணிப்பாளர் அறையிற் பூட்டிய அலமாரியில் இருந்தன. பட்டியலில் முதலாவதாக இருந்த தொலைபேசி எண் மாற்றலாகிப் போனவருடையது. இரவில் அவ்வறைக்குப் பூட்டு. தாதியின் மேசைக்குமேல் ஒரே தாளில், பெரிய எழுத்தில், பத்து வரியில் எழுதி ஒட்டப்பட்ட திட்டமே அவளுக்குப் பயன்படும்.

இதனை ஓர் ஊர் வைத்தியரிடம் நான் வற்புறுத்தியபோது, அவர் சற்றுக் கசப்புடனே மறுமொழி சொன்னார். நிரப்பப்படாத இடங்கள், ஒருவர் இருவர் வேலையைச் செய்யும் நாட்கள், பிரசவமும் பாம்புக்கடியும் நாய்க்கடியும் தினம் வந்துகொண்டிருக்க, வாராத பூகம்பத்துக்கு ஒத்திகை பார்ப்பது யாருடைய சுகத்துக்கு என்றார். இவ்வினாவை எளிதில் தள்ளிவிடலாகாது. ஆள் இல்லாத குறையை ஒத்திகையால் மூடிவிட முயல்வது மோசடி. காலியிடத்தை நிரப்பு என்று கேட்பதும், இருப்பவரைப் பழக்கு என்று கேட்பதும் இரண்டும் வேண்டும். ஆயினும் ஒன்று சொல்வேன்: நாற்பது பேரைத் தரம்பிரிக்கப் பழகிய தாதி, நாளைக் காலையில் வெளிநோயாளர் வரிசையில் ஓசையின்றி நிற்கும் மாரடைப்புக்காரரையும் கண்டெடுப்பாள். குறைந்த ஆட்களையுடைய இடத்துக்கே இப்பழக்கம் மிகுதியும் வேண்டும்.

நம் கலாசாலை இதிற் செய்யத்தக்கது யாது? இரத்ததானத்தில் நம் மாணவர் எந்நாளும் பின்வாங்கியதில்லை. விபத்துச் செய்தி கேட்டவுடன் நூறு பேர் ஓடுவர், நல்லதே. ஆயின் அன்று கொடுத்த இரத்தத்தைச் சோதித்துப் பிரித்துப் பயன்படுத்த நேரம் பிடிக்கும். அவ்விரவிற் காப்பது முன்னமே குளிர்பெட்டியில் இருந்த இரத்தம். அதுவும் முப்பத்தைந்து நாளே நிற்கும். ஒரே நாளில் முந்நூறு பேர் கொடுத்துவிட்டு ஆண்டு முழுதும் வாளாவிருப்பதினும், மாதந்தோறும் முறைவைத்து முப்பது பேர் கொடுத்தலே தகும். புகைப்படத்துக்கு முன்னது நன்று என்பதை ஒப்புக்கொள்ளுகின்றேன்.

நாட்டு நலப்பணிப் படையினர் ஆண்டுதோறும் ஒரு கிராமத்தில் ஏழுநாள் தங்கி, சாலை பெருக்கி, மரம் நட்டு வருகின்றனர். அவ்வேழில் ஒரு நாளை அவ்வூரின் வைத்தியசாலைக்குக் கொடுக்கலாகாதா? நாற்பது மாணவர் காயமுற்றோராய் நடிக்கட்டும். ஒவ்வொருவர் கழுத்திலும் மூச்சு எத்தனை, நாடி உண்டா இல்லையா என எழுதிய சீட்டொன்று தொங்கட்டும். சிலர் அலறட்டும், சிலர் வாய் திறவாது கிடக்கட்டும். ஊர் ஆட்டோ ஓட்டுநரும், ஆலைக்காரரும், காவல் நிலையத்தாரும் வரட்டும். முடிந்தபின் மரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்து, சிவப்புச் சீட்டுடையார் எத்தனை பேர் கவனிப்பாரற்றுக் கிடந்தனர் என எண்ணட்டும். அந்த எண்ணிக்கையைப் பழிக்கு அன்றி அடுத்த ஆண்டு எண்ணிக்கையுடன் ஒப்பிடுவதற்காகக் குறித்து வைக்கவேண்டும்.

மேற்சொன்ன வைத்தியரிடம் இவ்வேண்டுகோளுடன் மீண்டும் சென்றேன். முதலில் தலையை அசைத்தார். பிறகு நாட்காட்டியைப் புரட்டினார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் வசதியாயிருக்குமா, மாணவர்க்குச் சிற்றுண்டிக்கு நாங்களே ஏற்பாடு செய்துகொள்வோம் என்று நான் சொல்லத் தொடங்கினேன். அவர் நாட்காட்டியை மூடிவிட்டு, பணிமுறைப் பட்டியலை எடுத்து, அன்றிரவுக்குரிய பெயர்களின்மேல் விரலை ஓட்டினார். நான்கு பெயர்கள்.

"பகல்ல வேண்டாங்க சார், பகல்ல வந்தா எல்லாரும் இருப்போமுங்க. ராத்திரி மூணு மணிக்கு வாங்க. எந்த ராத்திரின்னு எங்கிட்டக்கூடச் சொல்லாதீங்க" என்றார்.